கூலண்ட் குறைகிறது, ஒழுகல் தெரியவில்லை: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் டேங்கில் குறைந்துகொண்டே வருகிறது. கார் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. மெக்கானிக்கிடம் போனால் சிலர் பானட்டைத் திறக்கும் முன்பே, "சார், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்" என்கிறார்கள். இன்னும் சிலர், "அது ஒண்ணுமில்லண்ணே, சூட்டுக்கு ஆவியா போறதுதான், அப்பப்போ ஊத்திக்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. முதல் பதில் தேவையில்லாத பெரிய செலவில் இழுத்துவிடலாம். இரண்டாவதை நம்பினால் ஒருநாள் நெடுஞ்சாலை ஓரத்தில் இஞ்சின் ஜாமாகி நிற்கலாம்.

கூலிங் சிஸ்டம் மூடி அடைக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ள காரில் வருஷம் முழுக்க ஓட்டினாலும் டேங்கில் இறக்கம் கொஞ்சம்தான் இருக்கும். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. போவதற்கு வழிகள் மூன்று. வெளியே கசியலாம். சிலிண்டருக்குள் இறங்கி, ஆவியாகி சைலன்சர் வழியே போகலாம். இல்லையென்றால் ஆயிலில் கலக்கலாம். பெரும்பாலும் முதல் வழிதான். சரிசெய்ய மலிவானதும் அதுதான். அதனால் தேடலையும் அங்கேயே தொடங்குங்கள். எதையும் கழற்றும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எப்போது குறைகிறது? எங்கே குறைகிறது என்பதற்கான துப்பு பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

முதலில் பாதுகாப்பு

சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணியைச் சுற்றி மெதுவாகத் திருகினால் போதும் என்பதும் ஆபத்தான யோசனை. உள்ளே இருப்பது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் திரவம். மூடி தளர்ந்த கணத்தில் கொதித்து, நீராவியோடு பீய்ச்சி முகத்திலும் கையிலும் அடிக்கும். இஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயான மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியாமல், அழுத்தினால் தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிப்பாக இருக்கும் விஷம். தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீரா கூலண்டா என்று அறிய நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம்.

அளவை ஒழுங்காகப் பார்ப்பது

காலையில், இஞ்சின் ஆறிய நிலையில், சமதளத்தில் பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டில் கூலண்ட் விரிந்து மேலே நிற்கும். இரவில் ஆறியதும் இறங்கும். மாலையில் ஒருநாள், காலையில் ஒருநாள் என்று பார்த்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்று பதறுகிறவர்கள் நிறைய.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை டேங்க் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டோ, பெட்ரோல் ஸ்விஃப்ட் போன்ற கார்களில் அழுத்தம் தாங்கும் மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும். ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் அழுத்தம் கிடையாது. சூடானால் கூலண்ட் மூடியைத் தள்ளிக்கொண்டு பாட்டிலுக்கு வரும்; ஆறினால் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். போலோ போன்ற கார்களில் பந்து வடிவ டேங்கே அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டரில் தனி மூடி கிடையாது.

முதல் வகையில் ஒரு பொறி உண்டு. பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் உள்ளே காலியாக இருக்கும். மூடியின் ரப்பர் கெட்டுப்போனாலோ, மூடியிலிருந்து பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ட்யூப் விரிசல் விட்டாலோ, ஆறும்போது கூலண்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். அதனால் இந்த வகைக் காரில் பாட்டிலை மட்டும் பார்ப்பது போதாது. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலண்ட் கழுத்துவரை ததும்ப நிற்க வேண்டும்.

இப்போது டேங்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, இருக்கும் அளவைப் பேனாவால் கோடிடுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, கிலோமீட்டர், எத்தனை மி.லி. ஊற்றினீர்கள், அந்த வாரம் எப்படி ஓட்டினீர்கள் (நகர நெரிசலா, நெடுஞ்சாலையா, மலையா, சும்மா நின்றதா) என்று எழுதி வாருங்கள். 'கொஞ்சம் ஊத்தினேன்' என்பது உதவாது. இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடி இருந்தால்கூடப் போதும்.

நோட்டு என்ன சொல்கிறது?

ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்தும் குறைந்தால், பெரும்பாலும் வெளிக்கசிவு, அதிலும் குளிர்ந்தபின் கசிவது. ரப்பர் ஹோஸும் கிளிப்பும் சூட்டில் விரிந்து இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் சுருங்கி வழிவிடும். விடியற்காலையில் கசிந்து பத்து மணி வெயிலில் காய்ந்தும் போகும். திருகு வைத்த கிளிப்புகளில் இது சகஜம்.

நகர நெரிசலில் மட்டும் குறைந்தால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும்; சிக்னலில் நிற்கும்போது ஃபேன் சுற்றாவிட்டால் கூலண்ட் கொதித்து மூடி வழியே வெளியேறும். சில கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகம் மட்டும் செத்துப்போயிருந்தால் சட்டென்று தெரியாது.

சமவெளியில் மாதக்கணக்கில் இறங்காத அளவு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததும் இறங்கியிருக்கிறதா? அழுத்தமும் சூடும் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் திறக்கும் கசிவு அது. மூடி, டேங்கின் ஒட்டு, ஹெட் கேஸ்கெட் மூன்றும் இந்தப் பட்டியலில் வரும்.

கூலண்ட் மாற்றி ஓரிரு வாரத்துக்குள் ஒருமுறை குறைந்து அதோடு நின்றுவிட்டால் அது கசிவே இல்லை. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலண்ட் நிரப்பியிருக்கிறது.

டெம்பரேச்சர் முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பல கார்களில் அந்த முள் உண்மை வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை; ஒரு பரவலான எல்லைக்குள் எங்கே இருந்தாலும் நடுவில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். இன்னும் மோசம், கூலண்ட் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் முள் கீழேயே இருக்கும், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி ஒன்றை வாங்கி மொபைலில் உண்மை டிகிரியைப் பார்ப்பது நல்லது.

கண்ணாலும் மூக்காலும் தேடுவது

கூலண்ட் காய்ந்தால் தடம் விட்டுப்போகும். வெள்ளையாக, இளஞ்சிவப்பாக, பச்சையாகப் பொறுக்குத் தட்டியிருக்கும். தண்ணீர் ஆவியாகிவிட்டாலும் அதிலிருந்த சாயமும் உப்பும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆறிய இஞ்சினில், நல்ல எல்.இ.டி. டார்ச்சோடு, இந்தப் பொறுக்கைத் தேடுங்கள். ஈரத்தைத் தேடினால் ஏமாறுவீர்கள். புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டின் மேல் விழும் சொட்டு தரைக்கு வரவே வராது.

பார்க்கும் முன் இஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். தடயம் எல்லாம் போய்விடும். சர்வீஸுக்கு விட்டால் முதல் வேலையாக வாட்டர் வாஷ் பண்ணிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரேடியேட்டரில் நடுவில் இருக்கும் அலுமினியக் கோரும் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பு முக்கியமான இடம். பிளாஸ்டிக் வயதாகி நொறுங்கத் தொடங்கும்போது அந்த மடிப்பில்தான் மயிரிழை விரிசல் விடும். ஏ.சி. கண்டென்சர் முன்னால் மறைத்துக்கொண்டு நிற்பதால் கீழிருந்தும் மேலிருந்தும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது ஹோஸ்களின் இரு முனைகளும். கிளிப்புக்கு வெளியே ஹோஸ் உப்பியிருக்கிறதா, அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் ஹவுசிங் பல கார்களில் பிளாஸ்டிக். ஹவுசிங்கின் சேர்க்கையிலும் பொறுக்குத் தட்டும். டர்போ இருக்கும் காரில் டர்போவுக்குப் போய்வரும் மெல்லிய கூலண்ட் பைப்புகளை மறக்காதீர்கள். இஞ்சின் பிளாக்கில் வட்டத் தகடாக அடித்து வைத்திருக்கும் கோர் பிளக், பல வருஷம் வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில் உள்ளிருந்து துருப்பிடித்துக் கசியும்.

வாட்டர் பம்புக்குத் தனி கவனம் வேண்டும். பம்பின் ஷாஃப்டில் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறட்டும் என்று பம்பின் உடலில் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையிலிருந்து கீழே ஓடிய கறைக்கோடு தெரிந்தால் பம்ப் போகப்போகிறது. நிற்கும்போது சொட்டாமல் சுற்றும்போது மட்டும் கசிவது இதன் குணம். சில இஞ்சின்களில் பம்பை டைமிங் பெல்ட்தான் சுற்றும். அங்கே கசிவு பெல்ட் கவருக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த பெல்ட் ஈரத்தில் ஊறி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்படிப்பட்ட காரில் கவரின் கீழ் விளிம்பில் ஈரம் கண்டால் தள்ளிப்போட வேண்டாம்.

இரவில் காரின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். முன்சக்கரத்துக்கு அருகே தெளிந்த தண்ணீர் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பும் நிறமும் இருந்தால் கூலண்ட்.

மூடியை ஏன் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்?

பிரஷர் குக்கரின் வெயிட் எதற்கோ அதற்குத்தான் ரேடியேட்டர் மூடியும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும்போது கொதிநிலை 125 டிகிரிக்கு மேல் போகிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்த அழுத்தம் நிற்காது. ஏற்றத்தில் கூலண்ட் சீக்கிரமே கொதித்து, ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியே சாலையில் போய்விடும். வீட்டில் ஒரு சொட்டும் தெரியாது. 'மாயமாக மறையும்' கூலண்டுக்கு மூடியே காரணமாக இருந்த கார்கள் நான் பார்த்தவரை கணிசம்.

மூடியில் 0.9, 1.1 என்றோ 88, 108 கிலோ பாஸ்கல் என்றோ அழுத்தம் பொறித்திருக்கும். ஐரோப்பிய கார்களில் 1.4 பாரோ அதற்கு மேலோகூட இருக்கும். மாற்றும்போது அதே அளவு வாங்குங்கள். 'கொஞ்சம் அதிகம் போட்டா நல்லா தாங்கும்' என்று கூடுதல் அழுத்த மூடி போட்டால், அடுத்தது ரேடியேட்டர் மடிப்போ ஹோஸோ பிளக்கும்.

மூடியில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை விடுவிப்பது அதன் வேலை. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கிடந்தால் அந்த வால்வு அடைத்துக்கொண்டது என்று முடிவு செய்யலாம்.

பிரஷர் டெஸ்ட்: பாதி குழப்பம் இங்கே தீரும்

மூடி மாற்றியும் குறைகிறதென்றால், ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்ற நிலையிலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கருவி ஒரு கைப்பம்பும் மீட்டரும்தான். மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காருக்குப் பொருந்தும் அடாப்டரைப் பூட்டி, காற்றை அடிக்க வேண்டும். இஞ்சின் ஓடாமலேயே, சூடான இஞ்சினில் இருக்கும் அழுத்தம் ஆறிய சிஸ்டத்தில் வந்துவிடுகிறது. கை சுடாமல் நிதானமாகத் தேடலாம்.

மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒருபோதும் அடிக்காதீர்கள். அந்த அளவில் நிறுத்திவிட்டு மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். அடித்த உடனே ஹோஸ்கள் விரிவதால் முள் லேசாக இறங்கும். மீண்டும் ஒரு அழுத்து கொடுத்துச் சரிசெய்துவிட்டு, கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். சில பட்டறைகளில் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு "நிக்குது சார்" என்று கழற்றிவிடுவார்கள். மாதத்துக்குக் கால் லிட்டர் போகும் கசிவு ரெண்டு நிமிஷத்தில் காட்டிக்கொடுக்காது. முடிந்தால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவையுங்கள்.

முள் இறங்கி, எங்காவது சொட்டும் தெரிந்தால் வேலை முடிந்தது. பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அமைதியாக நின்றால் சில சமயம் 'உஸ்' என்ற சத்தமே இடத்தைச் சொல்லிவிடும்.

முள் ஆடாமல் நின்றால் குளிர்ந்த நிலையில் சிஸ்டம் நன்றாக இருக்கிறது. சந்தேகம் மூடியின் மேலும் (இன்னும் மாற்றவில்லை என்றால்), சூட்டில் மட்டும் திறக்கும் கசிவின் மேலும் விழுகிறது. காரை நன்றாக ஓட்டி வந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மறுபடி சோதியுங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் கூலண்டுக்கென்று விற்கும் யு.வி. சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த இடம் பளிச்சென்று மின்னும். சில கூலண்டுகள் சாயம் இல்லாமலேயே மின்னும் என்பதால், ஊற்றும்போது சிந்தியதை முதலில் துடைத்துவிடுங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் சொட்டு இல்லை. இந்த மூன்றாவது நிலைதான் சிக்கல். கூலண்ட் நமக்குத் தெரியாத ஏதோ அறைக்குள் போகிறது: காரின் உள்ளே, சிலிண்டருக்குள், டீசல் என்றால் ஈ.ஜி.ஆர். கூலருக்குள் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), அல்லது ஆயிலுக்குள்.

காருக்குள் கசியும் ஹீட்டர் கோர்

சென்னையில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? ஆனால் டாஷ்போர்டுக்கு உள்ளே சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பல கார்களில் நீங்கள் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் கூலண்ட் அதன் வழியே ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது கசிந்தால் முன் இருக்கையின் கால்மிதிக்கு அடியில் கார்ப்பெட் நனையும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் வரும், ப்ளோயர் போட்டதும் இனிப்பு கலந்த வாடை அடிக்கும். ஏ.சி. தண்ணீர் போகும் ட்யூப் அடைத்தாலும் கார்ப்பெட் நனையும் என்பதால் மிதியைத் தூக்கி, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலண்ட்தான்.

இஞ்சினுக்குள்: நம்ப வேண்டாத அறிகுறிகள் முதலில்

ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெண்ணிறக் குழம்பு ஒட்டியிருப்பதைக் காட்டி "பாருங்க, தண்ணி கலந்துடுச்சு" என்பார்கள். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரிலும், ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஓடும் காரிலும் காற்றின் ஈரமே அங்கே படிந்து அப்படி ஆகும். ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அதிலும் குழம்பாக இருந்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால்தான் உண்மையான கலப்பு. அப்படியானால் இஞ்சினை ஸ்டார்ட்டே செய்யாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். குளிர்ந்த காலையில் எல்லாக் காரும் புகைவிடும், சில நிமிஷத்தில் நின்றுவிடும். இஞ்சின் சூடான பிறகும் தொடர்ந்து வந்து, காற்றில் கரையாமல் தங்கி, இனிப்பு வாடையும் அடித்தால் அப்போது கவலைப்படலாம். தலைகீழாகவும் உண்டு: மெல்லிய கசிவாக இருந்தால் புகையே தெரியாமல் கூலண்ட் எரிந்துபோகும்.

ஹெட் கேஸ்கெட்டைக் கழற்றாமல் சோதிப்பது

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. ராத்திரி முழுக்க ஆறிய காரை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிஷத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கூலண்ட் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல் போல இறுகிவிட்டால், சூட்டால் வந்த அழுத்தம் அல்ல அது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. காலையில் மூடியைத் திறக்கும்போதே 'புஸ்' என்று அழுத்தம் வெளியேறுவதும் அதே குடும்பம்தான்.

பட்டறையில் செய்வது நீலத் திரவச் சோதனை. கண்ணாடிக் குழாய் போன்ற கருவியில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, இஞ்சின் ஓடும்போது கூலண்டின் மேலுள்ள காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். அதில் கரியமிலவாயு இருந்தால் நிறம் மாறும்: பெட்ரோல் என்றால் மஞ்சள், டீசல் என்றால் பச்சை. கூலண்டையே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் முதலில் ரேடியேட்டரில் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். டீசலில் ஐடிலிங்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'கேஸ்கெட் நல்லா இருக்கு' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஐடிலில் டீசல் புகையில் கரியமிலவாயு குறைவு. ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாக இருந்து, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளேரென்று இருந்தால் கசியும் சிலிண்டர் அதுதான். மொபைலில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பிரஷர் டெஸ்டரை ராத்திரி முழுக்க அழுத்தத்தில் விட்டு, காலையில் பிளக் துளை வழியே கேமராவை விட்டால் பிஸ்டன் தலையில் தேங்கிய கூலண்ட் பளபளப்பது தெரியும். தேங்கியிருந்தால் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். திரவத்தை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கூலண்ட் வழி மட்டும் திறந்த சின்னக் கசிவில் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும். அதை மட்டும் வைத்து விடுதலைத் தீர்ப்பு கொடுக்க முடியாது.

ஹெட்டை இறக்குவது உறுதியானால், லேத்து பட்டறையில் அதை நேர்விளிம்பு வைத்து வளைவு பார்க்கவும், விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்யவும் சொல்லுங்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு அனுமதிக்கும் வளைவு 0.05 மி.மீ. அளவில்தான். சரிபார்க்காமல் புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டால் சீக்கிரமே மறுபடி போகும். நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட்டாக இருந்தால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு

பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) காலத்து டீசலும் அதற்குப் பிந்தையதும் என்றால், ஹெட்டைத் தொடும் முன் ஈ.ஜி.ஆர். கூலரைச் சந்தேகியுங்கள். எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இஞ்சினுக்கே அனுப்பும் பாகம் அது. புகை ஒருபுறமும் கூலண்ட் மறுபுறமுமாக மெல்லிய உலோகச் சுவர்தான் இடையில். அது விரிசல் விட்டால் கூலண்ட் நேராக, இஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்கோ சைலன்சருக்கோ போகும். அறிகுறிகள் ஹெட் கேஸ்கெட்டைப் போலவே இருக்கும்: சொட்டு இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை. வித்தியாசம் என்னவென்றால், நீலத் திரவம் பெரும்பாலும் நிறம் மாறாது. கூலரின் புகைப் பக்கத்துப் பைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். வறண்ட கரி இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் கரியோ, கழுவிவிட்ட தடமோ தெரிந்தால் அதுதான் குற்றவாளி. இன்னும் உறுதி வேண்டுமானால் கூலரைத் தனியே கழற்றி அடைத்து, தண்ணீரில் முக்கிக் காற்றடித்துப் பார்க்கலாம்.

'கொஞ்சம்தானே குறைகிறது' என்று இதை விட்டுவைப்பதும் நல்லதல்ல. 2018-ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. ஈ.ஜி.ஆர். கூலரிலிருந்து கசிந்த கிளைகால் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொண்டது என்று அந்த நிறுவனமே விளக்கி, அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது.

ஆயில் கூலர் இருக்கும் இஞ்சினில் இன்னொரு விளையாட்டு நடக்கும். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலண்டைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் கசிவு இருந்தால் ஆயில் கூலண்டுக்கு வந்து டேங்கில் பழுப்புப் படலமாக மிதக்கும். அணைத்ததும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யமாகிவிடும், கூலண்ட் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது எதிர்த்திசையில் போகும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தால் அங்கும் இதே கதை. டேங்கில் இளஞ்சிவப்புக் குழம்பு தெரிந்தால் கியர்பாக்ஸையும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

மஞ்சள் தூளும் லீக் சீலரும்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வது பொய் இல்லை. தூள் போய் ஓட்டையில் அடைந்துகொள்ளும். நடுராத்திரி நெடுஞ்சாலையில் ஊர் போய்ச் சேர அது உதவும். ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைக்க அதற்குத் தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் ரேடியேட்டர் குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் லீக் சீலரும் இதே ஜாதிதான். போட்டே தீர வேண்டிய நிலை வந்தால் அதன்பின் முழு சிஸ்டத்தையும் ஃப்ளஷ் செய்யுங்கள். காரணம் தேடும் நடுவில் மட்டும் போடாதீர்கள், தடயத்தை மூடிவிடும்.

சரிசெய்த பிறகு நிரப்புவது

குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய் சுருங்கும், அலுமினியம் அரிக்கும். கூலண்ட் கான்சென்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வகை என்று எண்ண வேண்டாம். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. காரின் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. வழியில் குறைந்துபோனால் அப்போதைக்கு நல்ல குடிநீர் ஊற்றிக்கொண்டு வந்து, பிறகு முழுவதும் மாற்றிக்கொள்ளலாம். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் ஹெட் விரிசல் விடும்.

நிரப்பும்போது காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். பல கார்களில் தெர்மோஸ்டாட் பக்கம் ப்ளீட் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் வந்தபின் இறுக்குங்கள். ரேடியேட்டர் மூடி வகையில் மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, இறங்க இறங்க ஊற்றி மூடுங்கள். பந்து டேங்க் வகையில் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். சிலவற்றுக்கு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும் வேக்யூம் ஃபில்லர் கருவி வேண்டும்.

பழைய டேப்பைப் பிய்த்துவிட்டுப் புதுக் கோடு போடுங்கள். முதல் சில ஓட்டங்களில் மிச்சக் காற்று வெளியேறி அளவு ஒருமுறை இறங்கும், அதைக் கோடுவரை நிரப்பிவிடலாம். அதற்குப் பிறகும் இறங்கினால் கசிவு இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சகஜம்: ரேடியேட்டர் மாற்றியதும் அழுத்தம் முழுசாக நிற்கத் தொடங்கும், அதுவரை தாக்குப்பிடித்த ஹோஸோ வாட்டர் பம்ப் சீலோ அப்போது வாய் திறக்கும். மறுபடி பிரஷர் டெஸ்டரைப் பூட்டுங்கள்.